லெட்ச்வொர்த் பூங்காவின் எளிய பாதைகள்: எவை உண்மையிலேயே எளியவை?

நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியில், ராச்செஸ்டர் நகரிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கிறது லெட்ச்வொர்த் மாநிலப் பூங்கா. அதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அருவிகளின் படங்களைப் போட்டு, "கிழக்கின் கிராண்ட் கேன்யன்" என்ற பட்டப்பெயரையும் சேர்த்து, அத்துடன் முடித்துக்கொள்கிறார்கள். படங்களில் குறையில்லை. ஆனால் வயதான பெற்றோரையும் சிறு பிள்ளைகளையும் அழைத்துச் செல்கிறவர்களுக்கும், வாரம் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டுச் சனிக்கிழமை மட்டும் கொஞ்சம் நடக்க நினைப்பவர்களுக்கும் வேண்டிய தகவல் வேறு. எந்தப் பாதை எவ்வளவு தூரம், எங்கே படிகள் வருகின்றன, எந்த இடத்தில் திரும்பிவிடலாம் என்பவைதான் அவர்களுடைய கேள்விகள். இந்தக் கேள்விகளை வைத்து மதிப்பிட்டால், நான் நடந்து பார்த்த மாநிலப் பூங்காக்களில் இதற்கே முதலிடம் கொடுப்பேன். அதே சமயம், ஒரு பாதை குறுகியது என்பதாலேயே அது எளியது என்று எண்ணிக்கொண்டு இங்கே வருவது சரியல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும்.

முதலில் இடத்தின் அமைப்பு. ஜெனசி ஆறு பென்சில்வேனியாவில் பிறந்து, வடக்கு நோக்கி ஓடி, ராச்செஸ்டரில் ஒன்டாரியோ ஏரியில் கலக்கிறது. வழியில் அது ஆழமாக அறுத்துச் சென்ற பள்ளத்தாக்கை ஒட்டி, சுமார் 17 மைல் நீளத்துக்கு, 14,000 ஏக்கருக்கு மேற்பட்ட காடாகப் பூங்கா நீண்டு கிடக்கிறது. பனியுகத்தின் இறுதியில், பனிப்பாறைகள் அடித்துக்கொண்டு வந்த மண்ணும் கல்லும் ஆற்றின் பழைய வழியை அடைத்துவிட்டன. ஆறு புது வழி தேடி, டெவோனியக் காலத்து ஷேல் பாறையையும் மணற்பாறையையும் அறுத்துக்கொண்டு இறங்கியது. கடினமான மணற்பாறைகளுக்கு இடையில் மெல்லிய தகடுகளாக அடுக்கப்பட்ட ஷேல், விரலால் நெருடினாலே உதிரும் தன்மையுடையது. நடக்க வருகிறவர்களுக்கு இந்த நிலவியல் செய்தி வெறும் பொது அறிவு அல்ல. தடுப்புச் சுவரைத் தாண்டிக் கால் வைக்கக் கூடாது என்ற பலகைகள் ஒப்புக்கு வைக்கப்பட்டவை அல்ல என்பதற்கு அந்த உதிரும் விளிம்பே காரணம். படம் எடுப்பதற்காகச் சுவரின் மேல் ஏறி நிற்பவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். பிள்ளைகளுடன் செல்பவர்கள், அந்தப் பக்கம் பார்க்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுவது நல்லது.

பூங்காவின் சாலை ஆற்றின் மேற்குக் கரையில், பள்ளத்தாக்கின் விளிம்பை ஒட்டியே போகிறது. சாலைநெடுக வண்டியை நிறுத்திப் பார்ப்பதற்கான இடங்கள் உண்டு. மூன்று பெரிய அருவிகளும் தெற்கு முனையில், ஒன்றிலிருந்து ஒன்று நடந்து போகும் தொலைவில் இருக்கின்றன. இந்த அமைப்பில் ஒரு வசதியும் அதே வசதியில் ஒரு கேடும் இருக்கின்றன. காரை விட்டு இறங்கி இருபது அடி நடந்தாலே அருமையான காட்சி கிடைத்துவிடுவதால், பலரும் பத்து இடங்களில் இறங்கி ஏறிவிட்டு, காட்டுக்குள் ஒரு மைல்கூட நடக்காமல் திரும்பிவிடுகிறார்கள். இங்கே வந்தவர்கள் குறைந்தபட்சம் மேல் அருவியிலிருந்து இன்ஸ்பிரேஷன் பாயின்ட் வரையிலாவது நடந்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அந்த நடை, "கார்ஜ் டிரெயில்" என்று பெயர் பெற்ற முதலாம் எண் பாதையின் தெற்குத் துண்டு. முழுப் பாதை 7 மைல் நீளமானது என்றாலும், நமக்கு வேண்டியது அதன் தொடக்கத்தில் உள்ள ஒரு மைலும் கொஞ்சமும் மட்டுமே. மேல் அருவிக்கு அருகிலுள்ள வாகன நிறுத்தத்தில் காரை விட்டுவிட்டு முதலில் ஆற்றோட்டத்துக்கு எதிர்த்திசையில், அதாவது பாலத்தை நோக்கி, சற்று நடந்து பார்க்க வேண்டும். சுமார் 70 அடி உயரமுள்ள மேல் அருவிக்குப் பின்னால், ஆற்றுக்கு மேலே ஏறத்தாழ 235 அடி உயரத்தில், ஒரே வளைவாக ரயில் பாலம் நிற்கிறது. இந்த இடத்தில் 1852-இல் கட்டப்பட்ட முதல் பாலம் மரத்தால் ஆனது. அது 1875-இல் எரிந்து போனது. அதே ஆண்டில் இரும்புப் பாலம் ஒன்று எழுப்பப்பட்டு, நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சரக்கு ரயில்களைத் தாங்கியது. இப்போது நாம் பார்க்கும் எஃகு வளைவுப் பாலம் 2017-இல் திறக்கப்பட்டது. பழைய பாலத்துக்குப் பள்ளத்தாக்கின் நடுவிலேயே கால்கள் இருந்தன. புதிய பாலம் இரு கரைப் பாறைகளிலும் ஊன்றி நிற்பதால் ஆற்றுப்படுகையில் எதுவும் இல்லை, அருவிக்குப் பின்னால் வானம் விரிந்து தெரிகிறது. பழைய பாலத்தின் மீது பாசம் கொண்டவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம். எனக்குப் புதியதே பிடித்திருக்கிறது. சரக்கு ரயில் ஒன்று கடந்து செல்லும் நேரம் வாய்த்தால் பிள்ளைகளுக்கு அருவி மறந்துவிடும்.

மேல் அருவியிலிருந்து நடு அருவி வரை அரை மைல் அளவே. இடையிடையே கல்படிகள் வருகின்றன. ஆனால் அவை அகலமானவை, ஒரே மூச்சில் ஏற வேண்டியவை அல்ல. பாதையின் ஆற்றுப் பக்கம் இடுப்பளவு உயரத்துக்குக் கருங்கல் நிறத் தடுப்புச் சுவர் கூடவே வருகிறது. சுவரின் கற்களை அருகில் சென்று பார்த்தால், எதிரே பள்ளத்தாக்குச் சுவரில் தெரியும் அதே அடுக்குப் பாறையிலிருந்து எடுக்கப்பட்டவை என்பது விளங்கும். அவற்றின் மேல்புறத்தில் பாசியும், பாசிக்கு மேல் ஹெம்லாக் மரத்தின் சிறு ஊசியிலைகளும் படிந்திருக்கும். அருவிச் சாரல் காற்றோடு வரும் இடங்களில் தரைக்கற்கள் வெயில் நாளிலும் ஈரமாகவே இருக்கும். வழவழப்பான அடிப்பாகமுள்ள காலணிகளையும் செருப்புகளையும் தவிர்க்கச் சொல்வது இதனால்தான்; மலையேறுகிறவர்கள் போடும் கனத்த பூட்ஸ் தேவையில்லை, நல்ல பிடிப்புள்ள சாதாரண ஓட்டக் காலணி போதும்.

நடு அருவி 107 அடி உயரம். மூன்றில் இதுவே பெரியது, அகலமானது; பூங்காவின் படங்கள் என்று உலவுபவற்றில் பெரும்பாலானவை இதனுடையவை. வாகன நிறுத்தத்திலிருந்து சில நிமிட நடையில் பார்வைத் தளத்தை அடைந்துவிடலாம் என்பதால், நடக்க இயலாதவர்களையும் அருவிக்கு நேரெதிரே கொண்டுவந்து நிறுத்த முடிகிறது. இவ்வளவு பெரிய அருவியை இவ்வளவு குறைந்த உழைப்பில் காட்டும் பூங்காக்கள் அதிகமில்லை. அருவிக்கு மேலே மரங்களுக்கிடையில் தெரியும் வெள்ளை வீடுதான் கிளென் ஐரிஸ். பஃபலோ நகரத்துத் தொழிலதிபர் வில்லியம் பிரையர் லெட்ச்வொர்த் 1859-இல் இங்கே நிலம் வாங்கி, மரம் வெட்டிச் சிதைந்திருந்த கரைகளில் மீண்டும் மரம் நட்டு, 1906-இல் தன் நிலம் முழுவதையும் மாநிலத்துக்கு எழுதிக் கொடுத்தார். 1910-இல் இறக்கும் வரை அந்த வீட்டிலேயே வாழ்ந்தார். இப்போது அது தங்கும் விடுதியாக இருக்கிறது. இன்றைக்குக் காடு என்று நாம் நடந்து செல்வதில் கணிசமான பகுதி திட்டமிட்டு நடப்பட்டது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், மரங்கள் பள்ளத்தாக்கை மறைக்காமல் விலகி நிற்கும் இடங்கள் தற்செயலாக அமைந்தவையாகத் தோன்றுவதில்லை.

நடு அருவியைக் கடந்ததும் கூட்டம் குறைந்துவிடுகிறது. பாதை சற்றே மேலேறி, ஓக், பீச், மேப்பிள் மரங்களின் நிழலில், ஆறு கண்ணுக்குத் தெரியாமல் காதுக்கு மட்டும் கேட்கும்படி கொஞ்ச தூரம் செல்கிறது. பிறகு இன்ஸ்பிரேஷன் பாயின்ட் வருகிறது. இங்கே நின்று வந்த வழியைத் திரும்பிப் பார்த்தால் நடு அருவி, அதற்குப் பின்னால் மேல் அருவி, அதற்கும் பின்னால் பாலம் என்று மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் அடுக்கி வைத்ததுபோல் தெரியும். இங்கேயும் வாகன நிறுத்தம் இருக்கிறது. ஆகவே, குடும்பத்தில் ஒருவர் காரை எடுத்துக்கொண்டு முன்னால் வந்து காத்திருக்க, மற்றவர்கள் ஒருவழியாக மட்டும் நடந்து வந்து சேரலாம். எழுபதைத் தாண்டிய என் மாமியார், கைத்தடி ஊன்றியபடியே, நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து, இந்தத் துண்டை முழுமையாக நடந்தார். எளிய பாதை என்று நான் சொல்வதற்கு அளவுகோல் அதுதான்.

கீழ் அருவி வேறு கதை. வாகன நிறுத்தத்திலிருந்து தூரம் என்று பார்த்தால் இது மிகக் குறுகிய நடை. ஆனால் பள்ளத்தாக்கின் விளிம்பிலிருந்து கிட்டத்தட்ட ஆற்று மட்டம் வரை நூற்றுக்கும் மேற்பட்ட கல்படிகளில் இறங்க வேண்டும், பிறகு அத்தனையும் ஏற வேண்டும். இறங்குவது முழங்காலுக்குச் சோதனை, ஏறுவது மூச்சுக்குச் சோதனை. குழந்தையை வைத்துத் தள்ளும் வண்டி முற்றிலும் உதவாது. படிகளின் தலைப்பிலேயே என் மாமியார், "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்" என்று உட்கார்ந்துவிட்டார். அது சரியான முடிவு. நல்ல உடல்நிலையில் இருப்பவர்கள் மட்டும் இதைத் தவறவிடக் கூடாது, ஏனென்றால் மேலிருந்தே பார்த்துக்கொண்டிருந்த ஆற்றை அதன் மட்டத்திலிருந்து பார்க்கும் வாய்ப்பு பூங்காவில் இங்கேதான் எளிதில் கிடைக்கிறது. படிகளின் அடியில், பள்ளத்தாக்கு மிகவும் குறுகி, ஆறு முழுவதும் ஒரு கல்வாய்க்குள் நெருக்கிக்கொண்டு பாயும் இடத்தில், வளைவான கல்பாலம் ஒன்று இரு கரைகளையும் இணைக்கிறது. 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தின்போது வேலையில்லாத இளைஞர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1933-இல் தொடங்கப்பட்ட சிவிலியன் கன்சர்வேஷன் கோர் என்ற அமைப்பின் தொழிலாளர்கள் கட்டியது அது. பூங்காவின் படிகளும் தடுப்புச் சுவர்களும் பல அவர்களுடைய கைவேலைதான். பாலத்தின் நடுவில் நின்று கைப்பிடிச் சுவரில் உள்ளங்கையை வைத்தால், கீழே ஓடும் நீரின் அதிர்வு கல்லில் தெரிவது போலிருக்கும்; அது நீரின் அதிர்வா, நம் கால்களின் நடுக்கமா என்பது இறங்கி வந்த படிகளைப் பொறுத்தது.

கார்ஜ் டிரெயிலின் மீதித் தூரத்தை எளிய பாதை என்று நான் பரிந்துரைக்க மாட்டேன். தரை கடினமானதல்ல. ஆனால் அது வட்டப்பாதை அல்ல; ஏழு மைல் போனால் ஏழு மைல் திரும்ப வேண்டும், அல்லது மறுமுனையில் இன்னொரு கார் நிற்க வேண்டும். ஓடைகள் குறுக்கிடும் இடங்களில் இறக்கமும் ஏற்றமும் மாறி மாறி வருகின்றன. நடுவில் உள்ள கிரேட் பெண்ட், உல்ஃப் கிரீக் ஆகிய இடங்களுக்குக் காரிலேயே போய் இறங்கிப் பார்ப்பது புத்திசாலித்தனம். பள்ளத்தாக்கின் சுவர்கள் மிக உயர்ந்து நிற்பது கிரேட் பெண்டில்தான். உல்ஃப் கிரீக்கில் ஒரு சிற்றோடை சாலையைக் கடந்து, பாறைத் தட்டுகளில் தாவித் தாவிப் பள்ளத்தாக்குக்குள் விழுகிறது. பக்கத்திலேயே மேசைகள் இருப்பதால் கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டைப் பிரிக்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

அருவிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதால் பலர் கவனிக்காமல் விடுவது, ஹம்ஃப்ரி இயற்கை மையத்துக்கு அருகே 2021-இல் திறக்கப்பட்ட ஆட்டிசம் நேச்சர் டிரெயில். ஒரு மைல் அளவுள்ள வட்டப்பாதை. ஆட்டிசம் உள்ளவர்களின் புலனுணர்வுத் தேவைகளை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டது. தரை சமமாக, இறுக்கமாக இருப்பதால் சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் தடையின்றிப் போகும். வழியில் எட்டு நிலையங்கள். ஓர் இடத்தில் பட்டை, காய், கல் என்று தொட்டுப் பார்க்கலாம்; ஓர் இடத்தில் ஒலி எழுப்பி விளையாடலாம்; ஓர் இடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கலாம். இரைச்சலோ கூட்டமோ தாங்க முடியாத பிள்ளை ஒதுங்கிக்கொள்வதற்கான இடங்களைப் பாதையிலேயே அமைத்திருப்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது. பொது இடங்களில் அத்தகைய பிள்ளை திணறும்போது பெற்றோர் வெளியேறும் வழியைத் தேடி ஓடுவதைத்தான் வழக்கமாகப் பார்க்கிறோம். இங்கே அந்த ஓட்டத்துக்கு அவசியமில்லை. சிறப்புத் தேவை உள்ளவர்களுக்கு மட்டுமானது என்று எண்ணி மற்றவர்கள் ஒதுங்க வேண்டியதில்லை. படிகளே இல்லாத, வழி தவற முடியாத, தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து சேரும் பாதை என்ற கணக்கில், பூங்காவிலேயே மிக எளியது இதுதான். பள்ளத்தாக்கு இதிலிருந்து தெரியாது என்பது மட்டுமே குறை. 2016-இல் திறக்கப்பட்ட இயற்கை மையத்தைக் கூடவே பார்த்துவிடலாம். மழை பிடித்துக்கொண்டால் ஒதுங்கவும் அதுவே இடம்.

கிளென் ஐரிஸுக்கு மேலே, மேட்டின் மீது, கவுன்சில் கிரவுண்ட்ஸ் என்ற அமைதியான புல்வெளி இருக்கிறது. இப்பகுதியின் பூர்வகுடிகளான செனகா மக்களின் பழைய மரச் சபைக்கட்டடத்தை லெட்ச்வொர்த் கானடியா என்ற ஊரிலிருந்து கொண்டுவந்து இங்கே நிறுவினார். அதன் அருகில் மேரி ஜெமிசனின் கல்லறையும், 1910-இல் வைக்கப்பட்ட வெண்கலச் சிலையும் உள்ளன. ஐரோப்பியக் குடியேறிகளின் மகளான இவர் 1750-களில் சிறுமியாகச் சிறைப்பிடிக்கப்பட்டு, செனகா மக்களால் மகளாக ஏற்கப்பட்டு, விடுதலை கிடைத்தபோதும் அவர்களை விட்டுப் போக மறுத்து, இந்த ஆற்றங்கரையிலேயே பல பத்தாண்டுகள் உழுது வாழ்ந்தார். 1833-இல் பஃபலோவுக்கு அருகே இறந்தார்; 1874-இல் உடல் இங்கே கொண்டுவரப்பட்டது. சிலை, முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு நடக்கும் இளம்பெண்ணாக அவரைக் காட்டுகிறது. இங்கிருந்து அவர் பெயரிலேயே காட்டுக்குள் செல்லும் பாதை இரண்டரை மைல் நீளம். அருவியும் இல்லை, கூட்டமும் இல்லை. மழைக்கு மறுநாள் சேறாகிவிடும். இரண்டாம் முறை வருகிறவர்களுக்கு ஏற்றது; முதல் முறை வருகிறவர்களின் நேரத்தை இதில் செலவழிக்கச் சொல்ல மாட்டேன்.

வடக்கு முனைக்கு நடையை எதிர்பார்த்துப் போக வேண்டாம். ஹாக்ஸ்பேக் என்னுமிடத்தில் ஒரு மெல்லிய மலைமுதுகைச் சுற்றி ஆறு திரும்புவதையும், வெள்ளத் தடுப்புக்காக 1952-இல் கட்டி முடிக்கப்பட்ட மவுண்ட் மாரிஸ் அணையையும் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டு வெளியேறலாம். கிழக்குக் கரையில் கூட்டமே இருக்காது என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கரை வழியே செல்லும் ஃபிங்கர் லேக்ஸ் டிரெயிலின் கிளை, ஓடைப் பள்ளங்களில் ஏறி இறங்கும் நீண்ட பாதை. பழக்கமில்லாதவர்களுக்கு உரியது அல்ல.

இலைகள் நிறம் மாறும் அக்டோபர் மாதத்து முதல் பாதியில் பூங்கா மிக அழகாக இருக்கும். அந்த வார இறுதிகளில் நடு அருவியின் வாகன நிறுத்தம் காலையிலேயே நிரம்பிவிடும். மே மாதக் கடைசியில் ஆற்றில் நீரும் அதிகம், ஆட்களும் குறைவு. எனக்குப் பிடித்த காலம் அதுவே. ஆகஸ்டில் மழை பொய்த்தால் அருவிகள் மெலிந்துவிடும். பனிக்காலத்தில் பூங்கா திறந்திருந்தாலும் தெற்குச் சாலையின் ஒரு பகுதியையும் பள்ளத்தாக்கை ஒட்டிய பாதைகளையும் மூடிவிடுவார்கள். கோடையில் பாதையோரப் புதர்களில் மான் உண்ணி இருக்கும். லைம் நோயைப் பரப்புவது அதுதான் என்பதால், நீளமான காலுறை அணிந்து, வீடு திரும்பியதும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பையும் காதுக்குப் பின்னாலும் சோதித்துவிட வேண்டும். மூன்று மூன்று இலைகளாக இருக்கும், தொட்டால் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும் பாய்சன் ஐவி கொடியையும் தொட விடாதீர்கள். பள்ளத்தாக்கை ஒட்டிக் கைப்பேசிச் சமிக்ஞை பல இடங்களில் கிடைப்பதில்லை. வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கம் செய்துகொள்வதும், பிரிந்து நடந்தால் எங்கே, எத்தனை மணிக்குச் சேர்வது என்று பேசி வைத்துக்கொள்வதும் அவசியம்.

கட்டணம் வசூலிக்கும் காலத்தில் ஒரு காருக்கு 10 டாலர். உள்ளே எத்தனை பேர் இருந்தாலும் அவ்வளவுதான். நியூயார்க் மாநிலப் பூங்காக்களுக்கு ஆண்டில் பல முறை போகிறவர்கள் 80 டாலருக்கு எம்பயர் பாஸ் என்ற ஆண்டு நுழைவுச் சீட்டை வாங்கிவிடலாம். பூங்கா காலை 6 மணிக்கே திறந்துவிடுகிறது. முதல் முறை செல்பவர்கள் வடக்கே மவுண்ட் மாரிஸ் வாயிலில் நுழைந்து ஒவ்வொரு காட்சித் தளத்திலும் நின்று நின்று வந்தால், அருவிகளை அடையும்போது களைத்துப்போயிருப்பார்கள், நண்பகல் கூட்டமும் வந்திருக்கும். தெற்கே போர்ட்டேஜ்வில் வாயில் திறந்திருக்கும் மாதங்களில் அதன் வழியாக நுழைந்து, எட்டு மணிக்குள் மேல் அருவியில் நடையைத் தொடங்குங்கள். இன்ஸ்பிரேஷன் பாயின்ட் வரை நடந்துவிட்டு, கால் இடம் கொடுத்தால் கீழ் அருவிப் படிகளில் இறங்கி, மதியச் சாப்பாட்டை உல்ஃப் கிரீக்கில் வைத்துக்கொண்டு, மீதியைக் காரிலிருந்தே பார்த்தபடி வடக்கு வாயில் வழியாக வெளியேறிவிடலாம்.